இருக்கியா மேடு

அந்தக் காலம்னா, இந்த மலையில மூங்கிலெல்லாம் பூத்துக் காஞ்சி நின்ன காலம். மானம் பொய்ச்சி, வெதச்ச வெத மண்ணுலயே வறண்டு போன காலம். அப்போ ஒட்டுப்பாறைப்பட்டின்னு ஒரு ஊரு. நம்ம ஊரு தான். ஆனா இத்தினி ஊடு கெடையாது. மலைக்குக் கீழ கொஞ்சம், ஏரிக்கரையில கொஞ்சம். ஏரின்னு பேரு தானே ஒழிய, உள்ள ஆடு மேஞ்சிதாம்.

அந்த ஊர்ல உண்ணாமலைன்னு ஒரு பொம்பள இருந்தா. நம்ம வம்சத்துக்கே மூத்தவ. எங்க பாட்டனுக்குப் பாட்டி. ஒசந்த பொம்பளயாம், கறுத்த பொம்பளயாம். அதிகம் பேச மாட்டாளாம். அவ புருசன் மாதையன். மாதையனுக்கு ஒரு தம்பி, சடையன். இந்த ரெண்டு பேரையும் பெத்தவ பெருமி. மலை மேல மேயுற ஆட்ட ஊட்டு வாசல்ல நின்னே கூப்புடுவாளாம் பெருமி, அப்படி ஒரு கொரலு. அப்புறம் உண்ணாமலையோட கூடப் பொறந்த தம்பி தீர்த்தன். அக்கா ஊட்டோடவே இருந்து ஏரு ஓட்டுனான். இந்த அஞ்சு பேரு தான். மத்ததெல்லாம் ஊரு.

அப்பெல்லாம் கேவுரு வெளஞ்சா மூட்டையில போட்டு வெக்க மாட்டாங்க. கேவுருன்னா கேழ்வரகு, உங்க ஊர்ப் பக்கம் வேற பேரு சொல்லுவீங்க. மேட்டு நெலத்துல குழி வெட்டுவாங்க. வாய் குறுகலா இருக்கும், ஒரு ஆளு ஒடம்ப ஒடுக்கிக்கிட்டு எறங்குற அளவு. உள்ள வயிறு மாதிரி அகண்டு கெடக்கும். சுத்தி வைக்கோல் வெச்சி, கேவுரக் கொட்டி, மேல பாறப் பலகைய வெச்சி, சாணியும் மண்ணும் கொழச்சி மூடிடுவாங்க. வருசக்கணக்குல கெடக்கும். பஞ்சம் வந்தா தான் தொறப்பாங்க.

பஞ்சம் வந்துச்சி. ஊருக்குப் பொதுவா இருந்த பெரிய குழியத் தொறக்கலாம்னு பேசுனாங்க.

தொறந்தா ஒரு பொழுது சும்மா விடணும். காத்தாடணும். அது எல்லாருக்கும் தெரிஞ்ச வழக்கம் தான். ஆனா அன்னிக்கி ஊரே குழியச் சுத்தி வந்து நின்னுச்சாம். கையில சட்டியோட நின்னுச்சாம். புள்ளைங்க அழுது அழுது கொரலு போயி, வாயத் தொறந்தா சத்தம் வரலயாம். பாறயப் பொரட்டுனதும் உள்ளேர்ந்து கள்ளுப் பானையத் தொறந்த மாதிரி புளிச்ச வாடை வந்துச்சாம். ஒருத்தரு சொன்னாரு, "நாளைக்கிப் பாக்கலாம்பா." இன்னொருத்தரு சொன்னாரு, "நாளைக்கி எம் புள்ள இருக்குமா?"

மாதையன் மேல்துண்ட அவுத்து வெச்சான். "நான் எறங்குறேன்"னான்.

மூங்கில் ஏணிய உள்ள விட்டாங்க. கூடைய இடுப்புல சொருகிக்கிட்டு எறங்குனான். தலை மறஞ்சிது. அவ்ளோ தான், மேல இருந்தவங்க எல்லாம் ஒண்ணாக் கத்துறாங்க.

"மாதையா, கேவுரு இருக்குதா?"

"கெட்டுப் போச்சா?"

"எவ்ளோ இருக்குது, சொல்லுப்பா!"

உள்ளேர்ந்து மாதையன் சொன்னான், "இருக்குது. நெறய இருக்குது."

அத கேட்டதும் ஊரு சிரிச்சிதாம், அழுதுச்சாம். ஒருத்தர ஒருத்தர் கட்டிப் புடிச்சிக்கிட்டாங்களாம். ஒருத்தன் தப்பு எடுத்து அடிச்சானாம். மேல ஆயிரம் வாயி. கீழ ஒரு பதிலு இல்ல. ஆனா கீழ பதிலு இல்லன்னு யாருக்கும் தெரியல. ஏன்னா மேல ஆயிரம் வாயி.

கூடை மேல வரல. அப்புறம் தான் ஒருத்தன் குனிஞ்சி பாத்தான். இருட்டு. "மாதையா"ன்னான். ஒண்ணும் இல்ல.

சடையன் கூட்டத்த விலக்கிக்கிட்டு வந்தான். அண்ணன்னா அவனுக்கு உசுரு. "ணா"ன்னான். "ணோவ்"னான். கயிறு கட்டல, யாரையும் கேக்கல. ஏணியில காலு வெச்சான், எறங்கிட்டான். பாதி ஏணி வரைக்கும் அவன் காலு சத்தம் கேட்டுச்சாம். அதுக்கப்புறம் மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவ்ளோ தான்.

இப்ப ஊரு கத்துன கத்து வேற மாதிரி. "புடி, எறங்கு, ஓடு"ன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. யாரு சொல்றது யாருக்கும் கேக்கல. தீர்த்தன் குழி வாயில உக்காந்து ரெண்டு காலையும் உள்ள தொங்க விட்டுட்டான்.

உண்ணாமலை அப்ப அங்க இல்ல. உலை வெக்கத் தண்ணி எடுக்கப் போயிருந்தா. சத்தம் கேட்டு ஓடி வந்தா. வந்தவ தம்பியோட முடியப் புடிச்சா. புடிச்சி இழுத்துப் பின்னாடி தள்ளுனா. தள்ளிட்டு, குழி வாயி மேலயே உக்காந்துட்டா. கேளுங்க, புருசன் உள்ள. கொழுந்தன் உள்ள. அவ மூடி மாதிரி உக்காந்துட்டா.

"அக்கா, எழுந்திரு."

"மாட்டேன்."

"மாமா உள்ள கெடக்குறாரு, அக்கா."

"ஒருத்தர் போனாரு, வரல. அவரத் தேடி ஒருத்தன் போனான், அவனும் வரல. அவனத் தேடி நீ போவ. ஒன்னத் தேடி யாரு போவாங்க?"

பெருமி கூட்டத்துல இருந்து வந்தா. வந்தவ மருமகளோட தோளப் புடிச்சி ஒலுக்குனா. "நவுருடி. எம் புள்ளைங்க ரெண்டு பேரும் உள்ள கெடக்குறாங்கடி"ன்னா. இவ நவுரல. பெருமி கொஞ்ச நேரம் அவ மூஞ்சியவே பாத்தா. அப்புறம் ஊரு கேக்க ஒரு வார்த்த சொன்னா.

"ஒன் பொறந்தவன் பொழைக்கணும். அதுக்கு எம் புள்ளைங்க சாவணும். அப்படித் தானடி?"

உண்ணாமலை ரெண்டு கையாலயும் குழி வெளிம்ப இறுக்கிப் புடிச்சிக்கிட்டா.

அப்பத் தான் உள்ளேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சின்னு சொல்றாங்க. மொனகலுன்னு சிலரு. மூச்சுன்னு சிலரு. பெருமிக்கு மட்டும் அது "யம்மா"ன்னு கேட்டுச்சாம். எல்லாரும் உண்ணாமலையப் பாத்தாங்க. குழிக்கு மேலயே உக்காந்திருக்கிறவளுக்குக் கேக்காமயா இருக்கும்? கேட்டுச்சி. ஆனா எழுந்திரிக்கல. "கொள்ளிக்கட்டை ஒண்ணு கொண்டாங்க"ன்னா.

எரியற கட்டையக் கயித்துல கட்டி உள்ள விட்டாங்க. ஏணி பாதி போறதுக்குள்ள நெருப்பு அணஞ்சி போச்சி. தண்ணி ஊத்துன மாதிரி, சத்தமே இல்லாம அணஞ்சி போச்சாம். இன்னொரு கட்டை விட்டாங்க. அதுவும் அங்கயே அணஞ்சிது.

"பாத்தீங்களா? நெருப்பு மூச்சு வுட முடியாத எடத்துல மனுசன் எப்படி வுடுவான்?"னா. அதுக்கப்புறம் யாரும் அவள எழுப்பல. அவளே எழுந்தா.

எழுந்து வேல சொன்னா. வேப்பங்கெள பெருசா வெட்டியாந்து கயித்துல கட்டி, குழிக்குள்ள விட்டு ஏத்தி எறக்குனாங்க, கெணத்துல தண்ணி சேந்துற மாதிரி. ஆம்பளைங்க கம்பளிய நாலு பக்கமும் புடிச்சி வீசுனாங்க. பொம்பளைங்க மொறத்தால வீசுனாங்க. மேட்டுக்குச் சரிவுல கடப்பாரை போட்டு, குழி வயித்துக்கு ஒரு தொளை போட்டாங்க. கை ஓஞ்சா ஆளு மாத்தி ஆளு. பெருமி மட்டும் ஒண்ணும் செய்யல. குழி ஓரத்துல படுத்து, காத உள்ள வெச்சிக்கிட்டு கெடந்தா. ஒவ்வொரு தடவ கட்டைய விடும்போதும் நெருப்பு கொஞ்சம் கொஞ்சமா ஆழம் போச்சி. கடைசியில அடி வரைக்கும் போயி எரிஞ்சிது. எரிஞ்சிது, ஆனா சொணங்கித் தான் எரிஞ்சிது.

தீர்த்தன் "இப்ப விடுவியா?"ன்னு கேட்டான்.

"விடுவேன். கயிறு கட்டிக்கிட்டு தான் விடுவேன்."

தண்ணி எறைக்கிற வடக்கயித்த அவன் கக்கத்துக்குக் கீழ சுத்திக் கட்டுனா. நாலு ஆளு புடிச்சாங்க. உள்ள கெடக்குறவங்களுக்குன்னு இன்னொரு கயிறு குடுத்தா. அப்புறம் ஊரப் பாத்து சொன்னா.

"இனிமே யாரும் பேசக் கூடாது. ஒரே ஒரு கொரலு. நான் இருக்கியான்னு கேப்பேன். அவன் இருக்கேன்னு சொல்லணும். வேற எந்தப் பேச்சும் வேணாம். ஒரு தடவ பதிலு வரலன்னாலும் இழுத்துடணும். ஏன், என்னான்னு யாரையும் கேக்கக் கூடாது."

தீர்த்தன் எறங்குனான். அவ்ளோ பெரிய கூட்டம், ஒரு இருமலு இல்லயாம்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"இருக்கியா?"

பதிலு இல்ல.

கயிறு புடிச்சவன் சொன்னான், "முடிச்சு போட்டுக்கிட்டு இருப்பான், கொஞ்சம் பொறு."

"இழு"ன்னா.

இழுத்தாங்க. தீர்த்தன் தலை தொங்கிக்கிட்டு வந்தான். மூஞ்சி நீலமா இருந்துச்சி. கீழ போட்டு மூஞ்சில தண்ணி அடிச்சி, நெஞ்சத் தேச்சி விட்டாங்க. ரொம்ப நேரம் கழிச்சி வாந்தி எடுத்தான். பொழச்சிக்கிட்டான். இன்னும் ஒரு கேள்விக்குப் பொறுத்திருந்தா அவனும் போயிருப்பான். ஆனா அவன் மத்த கயித்த சடையன் மேல கட்டிட்டுத் தான் மயங்கியிருந்தான். இழுத்தாங்க. சடையன் வந்தான். ஒடம்பு சில்லுன்னு இருந்துச்சி.

பெருமி அழல. மகன் தலைய மடியில வெச்சிக்கிட்டு, முடியில ஒட்டியிருந்த கேவுர ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டு இருந்தாளாம்.

மாதையன் இன்னும் உள்ள. இப்ப யாரும் முன்னுக்கு வரல. தீர்த்தன் எழுந்து நிக்க முடியாமக் கெடக்குறான். மறுபடியும் காத்து வீசுனாங்க, மறுபடியும் நெருப்பு விட்டாங்க. அப்புறம் உண்ணாமலை பொடவைய இழுத்துச் சொருகிக்கிட்டு, கயித்த எடுத்துத் தன் மேல சுத்துனா. சுத்திட்டு மாமியார்கிட்ட வந்து ஒக்காந்தா.

"அத்தை. நீ கூப்புடு."

பெருமி நிமிந்து பாத்தா.

"ஒங் கொரலு மலை வரைக்கும் கேக்கும். எனக்குக் கேக்கும். நீ கூப்புடு, நான் போறேன்."

பெருமி சடையன் தலைய மெதுவாத் தரையில வெச்சிட்டு எழுந்து வந்தா.

உள்ள எப்படி இருந்துச்சின்னு உண்ணாமலை பின்னால, அப்பக் கைப்புள்ளையா இருந்த தன் மக வளந்ததும் அவளுக்கு மட்டும் சொன்னாளாம். வெதுவெதுன்னு இருந்துச்சாம். வாடை கூட மோசமில்லயாம், தூக்கம் வர மாதிரி இருந்துச்சாம். மாதையன் செவுத்துல சாஞ்சி, வேல முடிஞ்சி ஒக்காந்தவன் மாதிரி இருந்தானாம். ஒரு கை கேவுருக்குள்ள இருந்துச்சாம். மேலேர்ந்து "இருக்கியாடி?"ன்னு வரும். இவ "இருக்கேன் அத்தை"ம்பா. கையில கொண்டு போன மத்த கயித்த அவன் முதுகுக்குப் பின்னால விட்டா. "இருக்கியாடி?" "இருக்கேன்." முடிச்சு போட்டா. போட்டதும் அவன் பக்கத்துல கொஞ்சம் ஒக்காரலாம்னு தோணுச்சாம். கொஞ்ச நேரம் தான். ஒக்காந்தா. "இருக்கியாடி?"ன்னு கேட்டுச்சி. இருக்கேன்னு தான் சொன்னாளாம். சொன்னதா நெனச்சாளாம்.

மேல பெருமிக்கு ஒண்ணும் கேக்கல.

பாருங்க, அவ மகன் உள்ள. முடிச்சு போட்டாச்சா இல்லயான்னு அவளுக்குத் தெரியாது. மருமகள இழுத்துட்டா, மறுபடி எறங்க ஊர்ல ஆளு இல்ல. அதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு மூச்சு கூடப் பொறுக்கல.

"எம் மருமகள இழுங்கடா"ன்னா.

இழுத்தாங்க. மூஞ்சில காத்து பட்டதும் உண்ணாமலை கண்ணத் தொறந்தா. அப்புறம் மாதையன் வந்தான்.

அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் ஏரிக்கரையில பக்கத்துப் பக்கத்துல பொதச்சாங்க. குழிக் கேவுர யாரும் தொட மாட்டேன்னுட்டாங்க. பட்டினி கெடந்து புள்ளைங்க சாவுது, அப்பவும் தொடல. உண்ணாமலை தான் கயிறு கட்டிக்கிட்டு எறங்கி, மேல இருந்த நல்ல கேவுரா பாத்து அள்ளியாந்து, அரைச்சி, கூழு காய்ச்சி, ஊரு பாக்க மொதல்ல தான் குடிச்சா. "இதுக்குத் தான எறங்குனாங்க"ன்னா. அதுக்கப்புறம் தான் ஊரு குடிச்சிது. ஊரு பொழச்சிது.

கதை இங்க முடிஞ்சிருந்தா நல்லாத் தான் இருந்திருக்கும். முடியல.

பெருமி தெனமும் பொழுது சாயுற நேரத்துல மேட்டுக்குப் போவ ஆரம்பிச்சா. குழி ஓரத்துல குந்திக்கிட்டு கூப்புடுவா. "மாதையா, இருக்கியா? சடையா, இருக்கியா?" கூப்புட்டுட்டு, காத உள்ள வெச்சிக் கேப்பா. ஏரிக்கரை ஊடு வரைக்கும் அந்தக் கொரலு வரும். அடுப்பு ஊதுறவங்க ஊதுறத நிறுத்திடுவாங்களாம். மாடு கட்டுறவங்க கயித்தப் புடிச்சிக்கிட்டு அப்படியே நிப்பாங்களாம்.

உண்ணாமலை ஒரு நாள் கேட்டா, "அத்தை, நாம தானே மண்ணு போட்டோம்?"

"ஒடம்புக்குப் போட்டோம். கொரலு உள்ளயே நின்னு போச்சிடி. நீ மேல ஒக்காந்திருக்கும்போது கூப்புட்டான் இல்ல? அதுக்கு நான் பதிலு சொல்லவே இல்லயே."

உண்ணாமலை தெனமும் பின்னாலயே போயி, கொஞ்சம் தள்ளி ஒக்காந்து, கூப்புட்டு முடிச்சதும் கையப் புடிச்சிக் கூட்டியாருவா. ஒரு நாளும் நிறுத்துன்னு சொல்லல.

தீர்த்தனுக்கு அதத் தாங்க முடியல. தான் பொழச்சிக்கிட்டு அவங்க போனது அவன உள்ளுக்குள்ள அரிச்சிக்கிட்டு இருந்துச்சி. உண்ணாமலைக்குக் காய்ச்சல் கண்ட ஒரு சாயங்காலம், பெருமி தனியாப் போனா. தீர்த்தன் பின்னாலயே போயி, சரிவுல போட்ட தொளைகிட்ட மறஞ்சி நின்னான். கெழவி மனசு ஒரு நாளாவது ஆறட்டும்னு நெனச்சான். வேற கெட்ட எண்ணம் இல்ல.

"மாதையா, இருக்கியா?"

தீர்த்தன் தொளையில வாய வெச்சி மெதுவாச் சொன்னான், "இருக்கேன்மா."

மேல பெருமி சிரிச்சாளாம். "இரு சாமி, வரேன்"னாளாம்.

அவன் சரிவு ஏறி ஓடி வரதுக்குள்ள குழிக்குள்ள விழுந்துட்டா.

காத்து அப்போ கெட்டதில்ல. கயிறு கட்டி எறங்கி, கூப்புட்டுக் கூப்புட்டு, ஒழுங்காத் தான் தூக்குனாங்க. ஆனா இடுப்பு ஒடஞ்சி போச்சி. கொஞ்ச நாளு படுத்துக் கெடந்தா. வலியே தெரியாதவ மாதிரி மொகம் தெளிஞ்சி கெடந்தாளாம். மருமக கஞ்சி ஊட்டும்போது சொன்னாளாம், "அவன் இருக்கான்டி. எங்கிட்ட சொன்னான். நீ தான் உசுரோட இருந்தவன வுட்டுட்ட."

தீர்த்தன் அதுக்குள்ள அக்காகிட்ட அழுதுக்கிட்டே நடந்தத சொல்லியிருந்தான். அத்தைகிட்டயும் சொல்லிடறேன்னான். உண்ணாமலை வேணாம்னுட்டா. "அவ புள்ள இருக்கான்னு நெனச்சிப் போவட்டும். பழி எனக்கு இருந்துட்டுப் போவட்டும்"னா. பெருமி அதே நெனப்போட தான் கண்ண மூடுனா. உண்ணாமலை அதுக்கப்புறம் ரொம்ப காலம் இருந்தா. அந்தப் பழியோட தான் இருந்தா. தீர்த்தன் அக்கா ஊட்டுல இருக்க மாட்டாம மலை மேல போயிட்டான். எறங்கி வரவே இல்லன்னு சொல்றாங்க.

அவ போட்ட கட்டுப்பாடு தான் இன்னிக்கும் நம்ம ஊர்ல. கெணறு தூர் வாரட்டும், தொட்டி கழுவட்டும், குழிக்குள்ள எறங்குறவன் ஒடம்புல கயிறு இல்லாம எறங்கக் கூடாது. மேல ஒரே கொரலு தான் கேக்கணும், இருக்கியான்னு. பதிலு வரலன்னா இழுத்துடணும். அப்புறம் கடைசியா சேத்தது ஒண்ணு. ஒருத்தனுக்காக இன்னொருத்தன் இருக்கேன்னு சொல்லக் கூடாது. வெளையாட்டுக்கும் கூடாது, எரக்கத்துக்கும் கூடாது.

அந்த எடத்துக்கு இருக்கியா மேடுன்னு பேராச்சி. குழிய இன்னும் மூடல. வாயில பாறப் பலகை இருக்கு, நடுவுல கயிறு போற அளவுக்கு ஒரு ஓட்டை. வருசா வருசம் தூர் வார்றதுக்கு மொத நாள் எல்லாரும் அங்க போவோம். நாளைக்கி இந்த ஊட்டுக்குப் புது மருமகளா வந்த நீங்க ரெண்டு பேரும் மொத தடவயா வரீங்க, அதுக்குத் தான் சொல்றேன். நம்ம ஊட்டுப் பொம்பள ஒருத்தி கயித்த உள்ள விட்டுக் கூப்புடுவா. மாதையா, இருக்கியா. சடையா, இருக்கியா. பெருமி, இருக்கியா. ஒவ்வொரு பேருக்கும் ஊரே மூச்ச அடக்கிக்கிட்டு நிக்கும். நீங்க வாயத் தொறக்கக் கூடாது. இருமல் வந்தாலும் முந்தானையால பொத்திக்குங்க.

பதிலு வராது. பதிலு வரலன்னா இழுக்கணும் இல்ல, அதனால இழுப்பாங்க. வெறுங்கயிறு தான் வரும். ஆனா சில வருசம் அது கொஞ்சம் கனமா வருதுன்னு இழுக்குறவங்க சொல்றாங்க. நாம கேட்டுக்குறதில்ல. கயித்தச் சுருட்டி வெச்சிட்டு, எல்லாருக்கும் கூழு ஊத்துவோம்.